ஸ்பெல்லிங் தெரிந்தவர்களும் ஏன் தப்பாக எழுதுகிறார்கள்?

ஆங்கிலத்தில் 'அங்கே' என்று பொருள்படும் தேர் ஒன்று, 'அவர்களுடைய' என்று பொருள்படும் தேர் இன்னொன்று. உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்துதான் வேறு. இரண்டையும் மாற்றி எழுதியவரைக் கூப்பிட்டு வித்தியாசம் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார். விதி தெரியும், ஆனால் கை வேறு எதையோ எழுதிவைத்திருக்கிறது. அதனால் இந்த மாதிரித் தப்பைப் பார்த்ததும் "படிக்காத ஆள்" என்று கிண்டல் செய்வது எனக்கு அபத்தமாகப் படுகிறது.

எழுதும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது புரியும். சொல்ல வந்த பொருளிலிருந்து எழுத்துக்குப் போக மூளையில் ஒரு வழி இருக்கிறது, ஒலி வழியாகச் சுற்றிப் போக இன்னொரு வழியும் இருக்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும். மனசுக்குள் ஒரு சொல்லின் ஒலி எழுந்ததும் அந்த ஒலிக்கு உரிய எல்லா ஸ்பெல்லிங்கும் சேர்ந்தே எழுந்து நிற்கும், அதில் நாம் அதிகம் பார்த்துப் பழகியது முந்திக்கொண்டு வரும். அது சரியானதுதானா என்று சோதிக்க கவனம் வேண்டும். ஆனால் கவனம் அதற்குள் அடுத்த வாக்கியத்துக்குப் போயிருக்கும்.

டச்சு மொழியில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அங்கே சில வினைச்சொற்களின் இரண்டு வடிவங்கள் கடைசி எழுத்தில் மட்டும் வேறுபடும், காதுக்கு இரண்டும் ஒன்று. எதை எங்கே போடுவது என்ற விதி ரொம்ப எளிது, பள்ளியிலேயே திரும்பத் திரும்பச் சொல்லித் தருவார்கள். ஆனாலும் நேரம் கொடுக்காமல் எழுதச் சொன்னால், அல்லது எழுவாய்க்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் நாலு சொல்லைச் செருகிவிட்டால், நன்றாக எழுதுபவர்களும் தடுமாறுகிறார்கள், தப்பும் பெரும்பாலும் அதிகம் புழங்கும் வடிவத்தின் பக்கமே சாய்கிறது.

சரி, எழுதியதைத் திரும்பப் படித்தால் தப்பு தெரிந்துவிடுமே? அங்கேயும் ஒலி குறுக்கே வருகிறது. 1987-இல் கை வான் ஆர்டன் என்ற உளவியலாளர் ஒரு பரிசோதனை செய்தார். 'இது ஒரு பூவா?' என்று கேட்டுவிட்டு, வரிசைகள் என்று பொருள்படும் ரோஸ் என்ற சொல்லைத் திரையில் காட்டினார். கண் பார்ப்பது வரிசை, காதில் விழுவது ரோஜா. ஆமாம், பூதான் என்று தப்பாகச் சொன்னவர்கள் கணிசம். எழுத்தில் அதே அளவுக்கு ஒத்திருந்து ஒலியில் மாறுபட்ட சொற்களுக்கு அவ்வளவு பேர் ஏமாறவில்லை. ஆக, சத்தமில்லாமல் படிக்கும்போதும் உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய ஸ்பெல்செக் மென்பொருளும் இங்கே உதவாது, ஏனென்றால் மாறிப்போன சொல்லும் அகராதியில் இருக்கிற சொல்தானே.

'செய்திருக்கலாம்' போன்ற பொருளில் 'குட் ஹேவ்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'குட் ஆஃப்' என்று எழுதுகிறார்களே, அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்பவர்கள் நிறைய. 'உடைய' என்று பொருள்படும் அந்தச் சொல்லை ஆஃப் என்று நாம் உச்சரிப்பதே எழுத்தைப் பார்த்துத்தான். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர் வாயில் அதன் கடைசி ஒலி 'வ்', வேகமாகச் சொன்னால் வெறும் 'அவ்'. குட் ஹேவ் பேச்சில் தேய்ந்து 'குடவ்' ஆகும்போது மிஞ்சுவதும் அதே 'அவ்' தான். எழுத்துக் கற்பதற்குப் பல வருடம் முன்பே இதைக் காதால் கேட்டுப் பழகிய குழந்தை அதை ஆஃப் என்று எழுதுவதில் ஆச்சரியமே இல்லை. புத்தகம் வழியாக ஆங்கிலம் கற்றவர்களிடம் இந்தத் தப்பை நான் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

எல்லாத் தப்பும் காதால் வருவதும் இல்லை, சில தப்புகள் தர்க்கம் சரியாக இருப்பதாலேயே வருகின்றன. 'தேர்ந்தெடு' என்ற பொருளில் வரும் சூஸுக்கு இரண்டு ஓ, அதே ஒலியில் முடியும் 'தொலைத்துவிடு' என்ற லூஸுக்கு மட்டும் ஒரு ஓ என்றால் யார்தான் மாற்றி எழுத மாட்டார்கள்? இட்ஸ் கதையும் இப்படித்தான். ஒருவருக்கு உரியது என்று காட்டப் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் மேற்கோமா போடச் சொல்லிவிட்டு, 'அதனுடைய' என்று வரும் இட்ஸுக்கு மட்டும் போடாதே என்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அச்சான புத்தகங்களில் அங்கேயும் மேற்கோமா சர்வசாதாரணம்.

இவ்வளவு குழப்பத்துக்கும் இடம் கொடுத்தது அந்த மொழியின் எழுத்துமுறை. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் மெல்ல உறைய ஆரம்பித்தது. ஆனால் சுமார் 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில் உயிரொலிகள் எல்லாமே இடம் மாறிக்கொண்டிருந்தன, அதாவது உச்சரிப்பு ஓடிக்கொண்டிருந்தபோதே எழுத்து நின்றுவிட்டது. வீரன் என்று பொருள்படும் நைட்டின் தொடக்கத்தில் நிற்கும் கே ஒரு காலத்தில் வாயால் சொல்லப்பட்ட எழுத்துதான். இது போதாதென்று அறிஞர்கள் வேறு கை வைத்தார்கள். கடன் என்ற பொருளுள்ள டெட் பிரெஞ்சிலிருந்து பி இல்லாமல்தான் வந்தது, லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதே என்று நடுவில் அதைச் செருகினார்கள். தீவைக் குறிக்கும் ஐலண்டின் எஸ் இன்னும் வேடிக்கை: அந்தச் சொல்லுக்கும் லத்தீனுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லைப் பார்த்து அந்த எழுத்து ஒட்டிக்கொண்டது.

இன்னொரு வகைத் தப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓக் மரத்துக் காய்க்கு ஏகார்ன் என்று பெயர். அதை யாரோ 'எக் கார்ன்' என்று எழுதியிருந்தார்கள், எக் என்றால் முட்டை, அந்தக் காயும் முட்டை வடிவம்தான்! புரியாத சொல்லை இப்படிப் புரிகிற துண்டுகளாக மாற்றிக்கொள்ளும் தப்புக்கே எக்கார்ன் என்று பெயர் வைக்கலாம் என்று ஜெஃப்ரி புல்லம் என்ற மொழியியலாளர் 2003-இல் சொன்னார், அது நிலைத்தும்விட்டது. கடிவாளத்தைத் தளர்த்திவிடுவதைச் சொல்லும் 'ஃப்ரீ ரெய்ன்' என்ற தொடரில், ஆட்சி என்று பொருள்படும் ரெய்னை எழுதுவதும் இதே வகை. குதிரை ஓட்டாத தலைமுறைக்குக் கடிவாளத்தைவிட ஆட்சிதான் அர்த்தமாகப் படுகிறது.

இப்படிப்பட்ட தப்புகளில் சில ஜெயித்தும் இருக்கின்றன. மணமகனைக் குறிக்கும் பிரைட்குரூம் பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய 'பிரூட்குமா', குமா என்றால் ஆண். அந்தக் குமா வழக்கொழிந்ததும் அதன் இடத்தில் தெரிந்த சொல்லான குரூம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏப்ரன் ஒரு காலத்தில் நேப்ரன், விரியன் பாம்பைச் சொல்லும் ஆடர் ஒரு காலத்தில் நாடர். முன்னால் வரும் 'அ' என்ற சிறு சொல் அந்த 'ந்' ஒலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு 'ஆன்' ஆகிவிட்டது, இன்று யாரும் அதைப் பிழை என்று திருத்துவதில்லை. 'குட் ஆஃப்' இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை, ஆனால் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ஹேவுக்குப் பதிலாக வரும் ஆஃபுக்குத் தனிப் பதிவே இருக்கிறது, தரமற்ற வழக்கு என்ற குறிப்போடு.