20 நிமிடத்துக்கு ஒரு பஸ், 15.6 நிமிடக் காத்திருப்பு

திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நிலாவெளிப் பக்கம் சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு பஸ் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம் பாராமல் உப்புவெளித் தரிப்பிடத்துக்கு வரும் ஒருவர், அதில் பாதியான 10 நிமிடம் காத்திருந்தால் போதும் என்றே நினைப்பார். நாளாந்தம் அங்கே நிற்பவருக்கோ அந்த நினைப்புப் பொய்த்துப்போகிறது. தன் ராசி சரியில்லை என்று நொந்துகொள்கிறார். ஆனால் இதில் ராசிக்கு வேலையில்லை.

பஸ்கள் 5 நிமிட இடைவெளியிலும் 35 நிமிட இடைவெளியிலும் மாறி மாறி வருவதாகக் கொண்டால், சராசரி 20 நிமிடம்தான். எனினும், ஒவ்வொரு 40 நிமிடத்திலும் 35 நிமிடம் நீண்ட இடைவெளிக்கே உரியது என்பதால், எட்டில் ஏழு பங்குப் பயணிகள் அதற்குள்தான் வந்து அகப்படுகிறார்கள். அவர்கள் சராசரியாக 17.5 நிமிடமும் எஞ்சியோர் 2.5 நிமிடமும் காத்திருக்க, எல்லோருக்குமான சராசரி 15.6 நிமிடமாகிறது. பஸ்கள் முற்றிலும் எழுமாறாக வருமாயின் அது 20 நிமிடத்தையே எட்டிவிடும்.

இடைவெளிகள் இவ்வாறு குலைவதற்குச் சாரதிகளை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. சற்றே பிந்திய பஸ்ஸுக்காக அடுத்த தரிப்பிடத்தில் கூடுதலானோர் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றுவதில் அது மேலும் பிந்தும். பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆட்கள் குறைவாகவே எஞ்சுவதால் அது விரைந்து வந்து முன்னதை எட்டிப்பிடிக்கும். நியூவெல், பொட்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்தப் போக்கை 1964இலேயே கணித முறையில் விளக்கிவிட்டார்கள்.

அப்படிச் சேர்ந்து வரும் இரண்டு பஸ்களில் ஒன்றில் 70 பேரும் மற்றதில் 10 பேரும் இருக்கிறார்கள் என்போம். நடத்துநர்களைக் கேட்டால் ஒரு பஸ்ஸுக்குச் சராசரி 40 பேர். பயணிகள் 80 பேரையும் தனித்தனியே கேட்டால், 70 பேர் "எழுபது" என்றும் 10 பேர் "பத்து" என்றும் சொல்வார்கள்; அந்த விடைகளின் சராசரி 62.5. ஒருவரும் பொய் சொல்லவில்லை. நெரிசலை அனுபவிக்க அங்கே அதிகம் பேர் இருந்தார்கள், அவ்வளவுதான். பயணிகள் மிகைப்படுத்துகிறார்கள் என்று அதிகாரிகள் தட்டிக்கழிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை அவர்கள் முன் வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

திருக்கோணேச்சரத்துக்குப் போய்வந்தவர்களில் பலர் "எப்போதும் சனம்தான்" என்பதும் இதே காரணத்தால்தான். சிவராத்திரி போன்ற நாள்களில் போனவர்களே அவர்களுள் மிகுதி, ஆளரவமற்ற ஒரு புதன்கிழமைக்குச் சாட்சி சொல்ல ஒரு சிலரே உண்டு. நம் நண்பர்களுக்கு நம்மைவிட நண்பர்கள் அதிகம் என்பது பெரும்பாலும் உண்மையாவதும் இதனால்தான் என்று சமூகவியலாளர் ஸ்கொட் ஃபெல்ட் 1991இல் காட்டினார்: நண்பர்கள் பலரை உடைய ஒருவர், பலரது பட்டியலில் இடம்பெறுகிறார்.

பஸ் விடயத்தில் இந்த அறிவு உடனே பயன் தரக்கூடியது. முந்திவந்த பஸ்ஸை இடையில் ஒரு தரிப்பிடத்தில் சில நிமிடம் நிறுத்திவைத்து இடைவெளிகளைச் சமப்படுத்தினால், புதிதாக ஒரு பஸ்கூட வாங்காமலே 15.6 நிமிடக் காத்திருப்பு 10 நிமிடத்தை நெருங்கும். எவ்வளவு மிச்சமாகும் என்று அறிய, ஒரு தரிப்பிடத்தில் ஒரு நாள் முழுதும் பஸ்கள் வந்த நேரங்களைக் குறித்தால் போதும்: இடைவெளி ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி, அந்தத் தொகையை இடைவெளிகளின் மொத்தத்தின் இருமடங்கால் வகுத்தால், அங்கே நிற்பவரின் உண்மையான சராசரிக் காத்திருப்பு கிடைத்துவிடும்.