ஆயிரம் மீட்டர் டார்ச்சும் வரப்பில் கிடந்த விரியனும்

மார்கழி அறுவடை நேரம். பெகு பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் ரங்கூனில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். நெல் களத்தில் ராக்காவல் இருப்பவர். கையில் புத்தம்புது டார்ச்.

"தம்பி, பளிச்சுனுதான் அடிக்குது. ஆனா கீழ என்ன கெடக்குன்னு புரிய மாட்டேங்குது."

முந்தின வாரம் வரப்பில் வைக்கோல் பிரி என்று நினைத்துக் காலைத் தூக்கியிருக்கிறார். கிடந்தது கண்ணாடி விரியன். கூட வந்த நாய் குரைத்ததால் பிழைத்தார். பர்மாவில் பாம்புக்கடிக்குப் பெரிய காரணமே இந்த விரியன்தான், அதுவும் நெல் வயலில்தான்.

டார்ச்சைக் கழற்றிப் பார்த்தேன். பழுது ஒன்றும் இல்லை, நிறம்தான் கோளாறு. நீலம் பூத்த வெள்ளை, 6500 கெல்வினுக்குக் குறையாது. (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான எண்: ஏறினால் நீலம், இறங்கினால் மஞ்சள்.)

மேசைக்கு அடியில் ஒரு பிடி வைக்கோலும் பழைய அரக்குக் கைலி ஒன்றும் எப்போதும் வைத்திருப்பேன். கரண்டும் இல்லாத நேரம், ஷட்டரை இறக்கியதும் கடை கும்மிருட்டு. அவர் டார்ச்சை அடித்தால் கைலி கறுப்பா காப்பிக்கொட்டை நிறமா என்று சொல்ல முடியவில்லை. வைக்கோல் சாம்பல் பூசியது போல் இருந்தது. அடுத்து என்னுடையதை அடித்தேன், 4000 கெல்வின், சிஆர்ஐ, அதாவது நிறத்தை உள்ளபடி காட்டும் திறன், நூற்றுக்கு 90க்கு மேல். கைலி அரக்காகத் தெரிந்தது. "அட, இது என் மக கல்யாணத்துக்கு எடுத்த சேலைக் கலரு" என்றார்.

விஷயம் இதுதான். டார்ச்சில் இருக்கும் வெள்ளை எல்இடியின் அடியில் இருப்பது நீல எல்இடி, 450 நானோமீட்டரை ஒட்டியது. (பளிச்சென்ற நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் 2014ல் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் நோபல் பரிசு.) அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு, நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றுவது. பூச்சு குறைவாக இருந்தால் நீலம் மிஞ்சும், கெல்வின் எண் ஏறும். பூச்சைக் கூட்டி சிவப்பு பாஸ்பரும் சேர்த்தால் எண் இறங்கும், நிறங்கள் பிரிந்து தெரியும், ஆனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும்.

"வெள்ளைதான் அண்ணே தூரம் போகும்" என்று கடைக்காரர்கள் சொல்வது இதை வைத்துத்தான். பொய்யில்லை. எவ்வளவு தூரம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

தூரத்துக்கு லூமெனை, அதாவது மொத்த வெளிச்சத்தைப் பார்க்கக் கூடாது, கேண்டெலாவைப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் எவ்வளவு குவிகிறது என்ற கணக்கு அது. கேண்டெலாவுக்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்கினால் மீட்டர் வரும். 40,000 கேண்டெலா என்றால் 400 மீட்டர். நிறத்துக்காக அதில் 20 சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் 32,000. அப்போதும் 358 மீட்டர் வரும். ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு போனால் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் போகிறது.

இன்னொன்று, அந்த 400 மீட்டர் என்பது வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு இறங்கும் இடம். கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவ்வளவு தள்ளி நிற்பது மாடா ஆளா என்று யார் சொல்வது? பெட்டியில் போட்டதில் பாதியைத்தான் நான் கணக்கில் எடுப்பேன். பெரியவரின் பெட்டியில் 1000 மீட்டர் என்று இருந்தது. அதற்கு 2,50,000 கேண்டெலா வேண்டும். உள்ளே 18650 என்ற அளவு பேட்டரி செல், அதில் 9900 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற எண்) என்று அச்சடித்திருந்தது. நல்ல செல்லே 3500ஐ ஒட்டித்தான் நிற்கும்!

மாசி, பங்குனியில் ஷான் மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காடு எரிக்கும் புகையின் நுண்துகள் நீலத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும், 6500 அடித்தால் முன்னால் வெள்ளைத் திரை எழும். மூடுபனி வேறு. நீர்த்துளி பெரிது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். மஞ்சள் லைட்டு பனியைக் கிழிக்கும் என்று லாரி ஓட்டும் அண்ணன்மார் என்னோடு சண்டைக்கே வருவார்கள். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல் இடுப்புக்கு இறக்கிப் பாருங்கள், கெல்வினை மாற்றுவதைவிட அது பனியில் அதிகம் உதவும்.

நானும் தப்புப் பண்ணியிருக்கிறேன். கிடங்கு காவல்காரர் ஒருவருக்கு நிறம் நிறம் என்று சொல்லி 3000 கெல்வினைக் கொடுத்துவிட்டேன். பத்தே நாளில் திரும்பி வந்தார். "பழைய குண்டு பல்பு மாதிரி இருக்கு, வேலி தெரியல." அவர் பார்க்க வேண்டியது 250 மீட்டர் தள்ளி ஒரு வேலியும், அதில் ஒட்டிய ரிஃப்ளெக்டரும். 5700ஐக் கொடுத்தேன், சண்டை தீர்ந்தது. அன்றிலிருந்து எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் டார்ச்சை எடுப்பேன். சுவர், வேலி, படகுத்துறை என்றால் 5700, 6500 எதுவும் ஆகும். வயல், மாடு, புதர், பாம்பு என்றால் 4000க்கும் 5000க்கும் நடுவில் வாங்குங்கள்.

பெட்டியில் கெல்வின் போடாத டார்ச்தான் இங்கே அதிகம். கடையிலேயே உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். ரத்த ஓட்டம் உள்ள கை மாதிரி தெரிந்தால் வாங்கலாம். பிணத்தின் கை மாதிரி வெளிறினால் வைத்துவிட்டு வாருங்கள்.

பெரியவர் 4500ஐ எடுத்துக்கொண்டார். பழையதை டவுனில் காவல் இருக்கும் மருமகனுக்கு வைத்துக்கொண்டார். ஷட்டரை ஏற்றும்போது தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்தினார்கள், கரண்டு வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில்தான் அவர் காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. எதிர்க் கடையில் கம்பூட் தொங்குவதைக் கை காட்டினேன்.