படிக்கட்டை ஒளித்த கடற்படை

1979 செப்டம்பரில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் மனித உரிமை ஆணையம் அர்ஜென்டினாவுக்கு விசாரணைக்கு வந்தது. அதற்கு முன்பாக, பியூனஸ் அயர்ஸில் கடற்படைக்குச் சொந்தமான ஒரு கட்டடத்தில் அவசர அவசரமாகக் கொத்தனார் வேலை நடந்தது. முன்கூடத்திலிருந்து நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டைப் பெயர்த்து, அந்த வழியை அடைத்துப் பூசினார்கள். லிஃப்டையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த கைதிகளை ஆற்றுக் கழிமுகத்தில் இருந்த ஒரு தீவுக்குக் கடத்தினார்கள்.

படிக்கட்டின் மேல் என்ன கோபம்? முந்தைய ஆண்டு அங்கிருந்து தப்பிய ஒரு கைதி, பத்திரிகைகளுக்கும் தூதரகங்களுக்கும் கடிதம் எழுதியிருந்தார். உள்ளே நடப்பது வெளியே கசிந்துவிட்டது. நிலவறைக்குப் படியில் இறக்கினார்கள் என்று சாட்சி சொல்ல, வந்து பார்க்கிறவர் கண்ணில் படியே தென்படாவிட்டால்? சாட்சி பொய்யர் ஆகிவிடுவார்.

கட்டடத்தின் பெயர் கடற்படை இயந்திரவியல் பள்ளி. ஸ்பானிய எழுத்துகளின் சுருக்கத்தில் எஸ்மா. (நம்மூர் வேலைநிறுத்தத் தடைச் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) 1976 மார்ச் 24 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து 1983 வரை, ஆட்சிக்கு எதிரிகள் என்று கருதப்பட்ட ஏறத்தாழ 5,000 பேர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். உயிரோடு மீண்டவர்கள் மிகச் சிலர். அதிகாரிகள் தங்கும் விடுதிதான் சிறை. நிலவறையில் சித்திரவதை, மேலே, சாய்ந்த கூரைக்கு அடியில் இருந்த பரணில், முகம் மூடி, காலில் விலங்கோடு கைதிகள் படுத்துக் கிடந்தார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த மாடிகளில் அதிகாரிகள் வழக்கம்போல் தூங்கி எழுந்தார்கள்.

இன்று அந்த விடுதி ஓர் அருங்காட்சியகம். நினைவிடங்கள் என்றால் மலர்வளையமும் மௌன அஞ்சலியும்தான் நமக்குப் பழக்கம். எஸ்மா வேறு வகை. பார்க்க வருபவரை அழவைப்பது அதன் முதல் வேலை இல்லை. நடந்தது என்று ஒருவர் சொல்வதை, இடத்தோடு ஒட்டிப் பார்க்க வழி செய்வதே அதன் பலம். அது எப்படி என்று பார்ப்போம்.

மனித நினைவு பதிவு நாடா இல்லை. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மூளை அதை ஓரளவு புதிதாகக் கட்டுகிறது. தேதி பிசகும், இரண்டு சம்பவங்கள் ஒன்றாகக் கலக்கும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இது போதும். எஸ்மா கைதிகளுக்குக் கூடுதல் சிக்கல், பெரும்பாலான நேரம் கண் மறைக்கப்பட்டிருந்தது. ஆனால் கண்ணை மூடினால் காதும் காலும் வேலை செய்யும். இறங்கும்போது படி எங்கே திரும்பியது, தலை எங்கே உத்தரத்தில் இடித்தது, லிஃப்ட் எந்தப் பக்கம் இரைந்தது, பக்கத்தில் போன ரயிலின் சத்தம் எல்லாம் பதிந்துவிட்டன. 1978 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் நடந்த மைதானம் அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவுதான். அந்த ஆரவாரமும் பரணுக்குக் கேட்டது.

ஒருவர் சொன்னால் அது நினைவு. வெவ்வேறு ஆண்டுகளில் அடைபட்டு, வெவ்வேறு நாடுகளுக்குப் போய்விட்ட பலர் ஒரே திருப்பத்தையும் ஒரே லிஃப்டையும் சொன்னால், அதைக் கட்டடத்தில் தேடிப் பார்க்கலாம். 1984இல், காணாமல் ஆக்கப்பட்டோர் குறித்த தேசிய ஆணையம் தப்பிப் பிழைத்தவர்களையே அழைத்துக்கொண்டு உள்ளே போனது. படிக்கட்டு இல்லை, ஆனால் அது இருந்து, அடைக்கப்பட்ட தடயம் இருந்தது. பூசிய சுவரும் ஒட்டுப்போட்ட தரையும் பழையவற்றோடு ஒருபோதும் முழுசாகச் சேராது. அடைக்க வேண்டிய அவசியம் ஏன் வந்தது என்ற கேள்விதான் அடுத்தது. சாட்சியைப் பொய்யாக்கச் செய்த வேலையே சாட்சிக்கு ஆதாரமாகிப் போனது.

கைதிகளில் ஒருவரான விக்டர் பாஸ்தெர்ரா அச்சுத் தொழிலாளி. அதிகாரிகளுக்குப் போலி ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் அவரைப் போட்டிருந்தார்கள். புகைப்படம் நான்கு பிரதி கேட்டால் ஐந்தாகப் போட்டு, ஒன்றை ஒளித்துவைப்பார். அவற்றை உடைக்குள் மறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்தார். 1985இல் ராணுவத் தலைவர்கள் மீது நடந்த வழக்கில் அவர் சாட்சி சொன்னார்.

அப்புறம் சட்டம் பின்வாங்கியது. 1986, 87இல் வந்த இரண்டு சட்டங்கள் பெரும்பாலான அதிகாரிகளைக் காப்பாற்றின. 1998 ஜனவரியில் அதிபர் மெனெம் எஸ்மாவை இடித்துவிட்டு, தேசிய ஒற்றுமையின் சின்னமாகப் பூங்கா அமைக்க ஆணையிட்டார். பூங்கா வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்தார் சொன்னார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று அறியும் உரிமை தங்களுக்கு உண்டு, அதற்கான தடயம் இந்தக் கட்டடத்தில் இருக்கலாம் என்று நீதிமன்றம் போனார்கள். இடிப்புக்குத் தடை கிடைத்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2004இல் அந்த வளாகத்தை நினைவிடமாக்க அரசு முடிவெடுத்தது. கடற்படை மொத்தமாக வெளியேற 2007 ஆனது.

2015இல் அருங்காட்சியகம் திறந்தபோது ஒரு வினோதமான நிபந்தனை இருந்தது. அதிகாரிகளைக் காப்பாற்றிய அந்த இரண்டு சட்டங்களும் அதற்குள் ரத்தாகி, வழக்குகள் மறுபடி நடந்துகொண்டிருந்தன. கட்டடம் அவற்றில் நீதிமன்ற ஆதாரம். சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கூடாது. எனவே விளக்கப் பலகைகள் சுவரைத் தொடாமல் தாமாக நிற்கின்றன. எப்போது வேண்டுமானாலும் அகற்றலாம். உரிந்த பெயிண்ட்டும் கறையும் அப்படியே இருக்கின்றன. சுவர்களில் கைதிகள் கீறிய எழுத்துகளைப் பாதுகாப்பு நிபுணர்கள் ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். பொம்மை செய்து சித்திரவதையைக் காட்டும், ஸ்பீக்கரில் அலறலை ஒலிக்கவிடும் அருங்காட்சியகங்கள் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. ஒன்றை நாமாகச் செய்து வைத்தால், மற்றதெல்லாம் அசலா என்ற கேள்வி வரும். எஸ்மாவில் பரண் காலியாக இருக்கிறது. நடந்ததைச் சொல்வது நீதிமன்றத்தில் பதிவான சாட்சியங்கள்.

கட்டடத்துக்கு வெளியிலிருந்தும் ஆதாரம் வந்தது. கைதிகளுக்கு மயக்க ஊசி போட்டு, விமானத்தில் ஏற்றிக் கடலில் தள்ளுவது அங்கே வாடிக்கை. 1977 டிசம்பரில் சில உடல்கள் கரை ஒதுங்கி, பெயரில்லாமல் புதைக்கப்பட்டன. பல ஆண்டுகள் கழித்து அர்ஜென்டினா தடயவியல் மானுடவியல் குழு அவற்றைத் தோண்டி எடுத்தது. எலும்பு முறிவுகள் மிக உயரத்திலிருந்து விழுந்ததைக் காட்டின. 2005இல் மரபணுச் சோதனை பெயர்களைத் தந்தது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் சேர்ந்த மே சதுக்கத்து அன்னையர் அமைப்பைத் தொடங்கிய அசுசேனா வில்யாஃப்ளோர் அவர்களில் ஒருவர். லெயோனி டுகே என்ற பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ இன்னொருவர்.

சரி, எந்த விமானம்? பல கைமாறிய ஒரு ஸ்கைவேன் விமானம் 2010இல் ஃப்ளோரிடாவில் அகப்பட்டது. அதன் பதிவேடு பத்திரமாக இருந்தது. 1977 டிசம்பர் 14, இரவு: பியூனஸ் அயர்ஸ் நகர விமான நிலையத்தில் கிளம்பி, மூன்று மணி நேரத்துக்கு மேல் பறந்து, அதே இடத்தில் இறங்கியிருக்கிறது. போன ஊர் என்று எதுவும் இல்லை. விமானிகளின் பெயரும் இருந்தது. 2017 நவம்பரில் 54 பேர் மீதான எஸ்மா பெருவழக்கின் தீர்ப்பில் 29 பேருக்கு ஆயுள் தண்டனை. அந்த இரவு ஓட்டிய விமானிகளில் உயிரோடு இருந்த இருவரும் அதில் அடக்கம். 2023இல் விமானத்தை அர்ஜென்டினா விலைக்கு வாங்கிக் கொண்டுவந்தது. அது இப்போது எஸ்மா வளாகத்தில்தான் நிற்கிறது.