கிடாரை மாற்றும் முன் பிக்கைப் பாருங்கள்

போன வாரம் ஒரு அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சார், சத்தமே சரியில்ல. முதல் கம்பி ஒரே மாசத்துல மூணு தடவை அறுந்துபோச்சு. நல்ல கிடாரா ஒண்ணு சொல்லுங்க" என்றார். பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. ஆள்காட்டி விரலின் ஓரத்தில் கொப்புளம். கம்பியை மீட்டும் சின்ன வில்லையான பிக்கைக் கேட்டு வாங்கினேன். 1.5 மி.மீ.! கல் மாதிரி, வளையவே இல்லை. "புரொஃபஷனல்னு போட்டிருந்தது சார், அதான் வாங்கினேன்."

இந்த மாதம் இது நான்காவது. தயவுசெய்து கேளுங்கள். பிக்கின் தடிமன் பரீட்சை கிரேடு இல்லை. மெல்லியது புதிதாகக் கற்பவருக்கு, தடித்தது மேடை ஏறுபவருக்கு என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இருபது வருடம் வாசித்தவரும் ஒரு பாட்டுக்கு ரிதம் அடிக்க 0.50 எடுப்பார். ஆறு கம்பியும் ஒரே வீச்சில் லேசாக ஒலிக்க வேண்டும், பாடுபவரின் குரலை அமுக்கக் கூடாது, அவ்வளவுதான். அதே அகூஸ்டிக் கிடாரில் பிளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையை வாசிப்பவர் ஒற்றை ஸ்வரங்களாக ஓடுவார். பிக் வளைந்து நிமிர அங்கே நேரமில்லை. அதனால் 1.2, 1.5 என்று போகிறார். இருவரில் யார் கெட்டிக்காரர் என்று பிக்கை வைத்துச் சொல்லவே முடியாது. நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்பது மட்டும்தான் கணக்கு.

அந்தப் பெண்ணிடம் 0.60 கொடுத்தேன். டன்லப் கம்பெனியின் டார்டெக்ஸ் வகையில் ஆரஞ்சு நிறம். இறுக்கிப் பிடித்துப் பிடித்து அவள் கட்டைவிரல் நகம் வெளுத்திருந்தது. பிக்கின் முனை மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, மணிக்கட்டைத் தளர்த்தி சி கார்டு என்ற ஸ்வரக்கூட்டை அடிக்கச் சொன்னேன். நாலைந்து வீச்சில் நகத்துக்கு நிறம் திரும்பியது. அதே பழைய கிடார்தான். புதுசு வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

கம்பிகளைச் சேர்த்து அடிக்கும் ஸ்ட்ரம்மிங்தான் என்றால் 0.50க்கும் 0.70க்கும் நடுவே எடுங்கள். நடுநடுவே மெலடியும் வாசிப்பீர்களா? அதே டார்டெக்ஸில் 0.73 மஞ்சள், இல்லையென்றால் 0.88 பச்சை. மூன்று தடிமனில் ஒவ்வொன்று வாங்கி, ஒரே பாட்டை மூன்றாலும் வாசித்துப் பாருங்கள். கிடார் விலையோடு பார்த்தால் இது ஒரு செலவே இல்லை. முனை தேய்ந்து சொரசொரப்பானால் தூக்கிப் போடுங்கள், கம்பியில் கரகரவென்று உரசும். சரியான பிக்கிலும் கம்பி பிரிட்ஜ் (மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் கட்டை) பக்கம் ஒரே இடத்தில் அறுந்துகொண்டிருந்தால், அதில் கம்பி அமரும் பட்டையான சேடிலில் கூர்விளிம்பு இருக்கும். ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள்.

நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிடாருக்குப் பிக்கே வேண்டாம். பெரும்பாலானவற்றில் பிக் உரசாமல் காக்கும் தகடான பிக்கார்டு கிடையாது, மேல்பலகை கீறிப்போகும்.

அப்புறம், கிடாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்பான கேப்போவை மாட்டும்போது பிள்ளைகள் பிக்கைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். கண்டிப்பாகத் தடுங்கள். தொண்டைக்குள் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? அந்த நேரத்துக்குச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளட்டும்.