மாடியில் வளரும் கண்காட்சி முயல்: எந்தக் குட்டியை இனப்பெருக்கத்துக்கு வைப்பது?

‘ட்வார்ஃப்’ (குள்ள முயல்) என்று சொல்லி வாங்கிய ஜோடி மூன்றே மாதத்தில் இரண்டு கிலோவைத் தொட்டுவிட்டது என்று புலம்பிக்கொண்டு வருபவர்களுக்குச் சென்னையில் பஞ்சமில்லை. நாலு வாரத்தில் எந்த இனத்துக் குட்டியும் உள்ளங்கையில் அடங்கும், அழகாகவும் இருக்கும். அந்த வயதில் முகத்தைப் பார்த்து மயங்கி இனப்பெருக்கத்துக்கு ஒதுக்குவதுதான் மொட்டை மாடியில் நாலைந்து கூண்டு வைத்திருப்பவர்களின் பெரிய பிரச்சினை.

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் தர அளவுகளின்படி வளர்ந்த நெதர்லாந்து ட்வார்ஃப் சுமார் 1.13 கிலோவைத் தாண்டக் கூடாது. ஹாலந்து லாப் என்றால் சுமார் 1.81 கிலோ. இந்தச் சிறிய இனங்கள் ஆறு மாதத்தில்தான் கண்காட்சியின் பெரியவை பிரிவில் நிற்கும். அதுவரை தேர்வு தற்காலிகமே.

முயலை மேசைமேல் ஏற்றும்போது கீழே ஒரு சாக்கோ ரப்பர் விரிப்போ போடுங்கள்; வழுக்கினால் அது துள்ளும், முதுகெலும்பே முறியலாம். முதலில் பல். மேலுதட்டை இரண்டு விரலால் விலக்கினால், மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னால் வந்து மூட வேண்டும். இரண்டும் நுனியோடு நுனி முட்டினாலோ, கீழ்ப்பல் முந்தினாலோ கண்காட்சியில் தகுதி போய்விடும். கூண்டுக் கம்பியைக் கடித்து இழுத்தும் பல் கோணலாகலாம், உண்மைதான். ஆனால் இளங்குட்டியிடம் பார்த்தால் பரம்பரை என்றே நான் சந்தேகிப்பேன். தாய், தகப்பன், கூடப்பிறந்தவை எல்லாவற்றின் வாயையும் பார்க்கச் சொல்வேன். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும் என்பதால், வெட்டிவிட்டால் கொஞ்ச நாளைக்குக் குறை தெரியாது. பெரிய விலை கொடுத்து ஆண் முயல் வாங்குகிறவர்கள், ‘பல்லை எப்போதாவது வெட்டினீர்களா?’ என்று கேட்க வெட்கப்படக் கூடாது. நகவெட்டியால் வெட்டுவதோ இன்னும் மோசம், பல் நெடுக்காகப் பிளந்துவிடும்.

அடுத்து முன்னங்காலின் உட்பக்கம். அங்கே முடி சிக்குப்பிடித்து அழுக்காக இருந்தால், அது மூக்கைத் துடைத்த கால். மூக்கு அப்போது சுத்தமாக இருந்தாலும் சளிநோய் இருக்கலாம்; மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். வாலை அடியிலிருந்து நுனிவரை விரலால் உருவுங்கள், பழைய முறிவு இருந்தால் தட்டுப்படும். நகம் ஏதாவது விழுந்திருக்கிறதா, காதுக்குள் செதில் இருக்கிறதா, பின்னங்காலடி புண்ணாகியிருக்கிறதா என்பதையெல்லாம் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

உடல்வாகைக் கண்ணைவிடக் கைதான் சரியாகச் சொல்லும். கழுத்திலிருந்து பின்பக்கம் வரை உள்ளங்கையை ஓட்டும்போது இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு இடித்தால், பஞ்சு போன்ற ரோமம் அதை மறைத்திருக்கிறது என்று பொருள். ரோமம் உதிர்க்கும் பருவத்தில் மட்டும் ரோமத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

ட்வார்ஃப் வகைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. குள்ள மரபணு ஒன்று இருந்தால் அசல் ட்வார்ஃப். இரண்டு சேர்ந்துவிட்டால் குட்டி பிழைக்காது. இரண்டு அசல் ட்வார்ஃபைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று அப்படிச் சாகும், இரண்டு அசலாக வரும், மீதி ஒன்று பெரிதாக வளரும். அந்தப் பெரிய பெட்டையைக் கழித்துவிடாதீர்கள். எடை மிஞ்சுவதால் மேடை ஏறாது, ஆனால் அசல் ஆணோடு சேர்த்தால் பிழைக்காத அந்த ரகம் பிறக்கவே பிறக்காது. பல நல்ல பண்ணைகளின் தாய்கள் இப்படிப்பட்டவைதான்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 30 டிகிரி தாண்டினாலே முயல் தவிக்கும். கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஆணின் விந்து கெட்டுப்போகும், மறுபடி தேறக் கிட்டத்தட்ட இரண்டு மாதம்கூட ஆகலாம். ஆடியில் சேர்த்த பெட்டை சினைப்படவில்லை என்றால், பெட்டையைக் குறை சொல்வதற்கு முன் ஆணை நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை சேர்க்காமல் விடுவதே என் ஆலோசனை. ஐப்பசி மழைக்குக் கூண்டு ஈரமானால், பால் மறந்த குட்டிகளுக்கு ரத்தக்கழிச்சல் நோய் வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

பெட்டையைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் தன் இடத்துக்கு வந்தவனைக் கடித்துவிடும். சினை சுமார் 31 நாள். ஈன்ற பிறகு, ‘டாக்டர், தாய் குட்டி பக்கமே போகல, பால் குடுக்கல’ என்று பதறி போன் செய்வார்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை, சில நிமிடம் மட்டுமே அது பாலூட்டும். காலையில் குட்டிகளின் வயிறு உருண்டையாக இருந்தால் கவலை வேண்டாம்.

தேறாத குட்டியைச் செல்லப்பிராணியாகக் கொடுக்கலாம். எட்டு வாரத்துக்கு முன் கொடுக்காதீர்கள், பல் குறையைச் சொல்லிவிடுங்கள், ஆணா பெண்ணா என்பதைக் கொடுக்கும் அன்றே இன்னொரு முறை பாருங்கள். இரண்டும் பெட்டை என்று நம்பி ஒரே கூண்டில் வளர்த்து, திடீரென்று ஆறு குட்டிகளோடு வந்து நிற்கும் குடும்பங்கள் எங்கள் கிளினிக்கில் சகஜம்.