ஏலம் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

வியாழனும் வெள்ளியும் குன்னூரில் தேயிலை ஏல நாட்கள். அது முடிந்ததும் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வரும்: எத்தனையாவது விற்பனை, எவ்வளவு கிலோ தூள் வந்தது, எவ்வளவு விற்றது, சராசரி விலை என்ன. கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ தேயிலை வைத்திருக்கும் வீடுகளில் முதலில் படிக்கப்படுவது அந்த நான்கு வரிதான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வணிகவியலில் முதுகலை படிக்கிறாள். சிறு விவசாயிகளுக்குக் கிடைக்கும் பசுந்தேயிலை விலையைப் பற்றித் தமிழிலேயே ஆய்வறிக்கை எழுதுகிறாள். முதல் படியைத் திருத்திக் கொடுத்தவர், ‘ஏலம்’ வந்த இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘அயற்சொல், தமிழ்ச்சொல் இடுக’ என்று எழுதியிருந்தார். ஒரே பக்கத்தில் பதினோரு வட்டங்கள். “பெரியப்பா, ஏலம் தமிழ் இல்லையா? அப்படியென்றால் வேறு என்ன எழுதுவது?” என்று தாளோடு வந்து நின்றாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

திருத்தியவர் சொன்னதில் பாதி உண்மை. விற்பனையைக் குறிக்கும் ஏலம் போர்ச்சுகீசிய மொழியின் ‘லெய்லாவ்ங்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. சாவி, ஜன்னல், அலமாரி, பீப்பாய் எல்லாம் கடற்கரையில் இறங்கி நம் வீட்டுக்குள் வந்தனவே, அந்தக் கூட்டத்தில் இதுவும் ஒன்று. ஆனால் போர்ச்சுகீசியருக்கும் இது சொந்தச் சொல் இல்லை. ஐபீரிய நாட்டை அரபியர் ஆண்ட காலத்தில் அவர்களிடமிருந்து பெற்றது. அரபில் அதன் பொருள் ‘அறிவிப்பு’, அதாவது எல்லோருக்கும் தெரியச் சொல்லுதல். ‘அறிவு’ என்று பொருள்படும் ‘இல்ம்’, அறிஞர்களைக் குறிக்கும் ‘உலமா’ ஆகியவை பிறந்த அதே வேரில் பிறந்தது. பக்கத்து நாடான ஸ்பெயின் இதே விற்பனைக்கு ‘ஈட்டியின் கீழ்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து ‘சுபாஸ்தா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. ரோமானியர் ஈட்டியை நட்டு வைத்துக் கொள்ளைப்பொருளை விற்றதன் எச்சம் அது. போர்ச்சுகலுக்கு வாய்த்தது அறிவிப்பு. அந்தச் சொல்தான் நமக்கு வந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

மூன்று மாநிலங்கள் சந்திக்கும் கூடலூரில், சந்தையில் நின்றால் இந்தச் சொல்லின் கிளைகள் காதில் விழும். தமிழில் ஏலம், மலையாளத்தில் லேலம். கன்னடத்தில் ஹராஜு என்பார்கள், அது வேறொரு அரபுச் சொல்லின் வழி. தெலுங்கில் வேலம், மராத்தியில் லிலாவ், இந்தியில் நீலாம், கடல் கடந்து மலாயில் லேலோங். ஒரே சொல்லின் முதலெழுத்தை ஒவ்வொரு மொழியும் தன் நாவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறது.

நம் மொழி செய்த மாற்றம் கவனிக்கத் தக்கது. தமிழ் இலக்கணப்படி லகரம் சொல்லுக்கு முதலில் வராது. அப்படி வரும் பிறமொழிச் சொல்லுக்கு முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்ப்பதே நம் வழக்கம்: லாபம் இலாபம் ஆயிற்று, லட்சம் இலட்சம் ஆயிற்று. இங்கே அப்படிச் சேர்க்கவில்லை. முன்னால் இருந்த லகரத்தை உதிர்த்துவிட்டு, உள்ளே இருந்த ஏகாரத்தை வாசலில் நிறுத்தியது. மலையாளம் லகரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. நாம் இலக்கணத்துக்கு இணங்கவைத்துத்தான் உள்ளே விட்டோம்.

ஏலக்காயைக் குறிக்கும் ஏலத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. அது மிகப் பழைய சொல். போடிநாயக்கனூரில் ‘ஏலக்காய் ஏலம்’ நடக்கிறது என்ற செய்தியில் இரண்டும் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். ‘விலையை ஏற்றுவதால் ஏலம்’ என்றும், ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும் ‘ஏல்’ என்ற வினையிலிருந்து வந்தது என்றும் சிலர் விளக்குகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் லேலம், லிலாவ், லேலோங் ஆகியவற்றின் லகரத்துக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை. ஒலி ஒத்த தமிழ் வேர் ஒன்று இருந்ததால் சொல் இங்கே எளிதாகக் காலூன்றியது என்று வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம்.

இனி, நான் மிகவும் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன். என் அம்மா கீழ்த் தோட்டத்தில் இலை பறித்துக்கொண்டிருப்பார். நான் மேலே ரோட்டிலிருந்து அவரைக் கூவிக்கொண்டே இருப்பேன். ஏறி வந்ததும், “ஏன்டா என் பேரை இப்படி ஏலம் போடுகிறாய்?” என்று கடிவார். தமிழ்நாடு முழுவதும் தாய்மார்கள் சொல்வதுதான். வீட்டு ரகசியத்தை வெளியே சொன்னாலும், ‘ஊரெல்லாம் ஏலம் போட்டுவிட்டான்’ என்கிறோம். இங்கே விற்பனையும் இல்லை, விலையும் இல்லை. பலர் அறியக் கூவுதல் மட்டுமே இருக்கிறது. அரபு வேரின் பொருள் அதுதானே? அம்மாவுக்கு அரபும் தெரியாது, போர்ச்சுகீசியமும் தெரியாது. ஏலத்தின் உயிர் எது என்று மட்டும் நம் பேச்சு வழக்குக்குத் தெரிந்திருக்கிறது. கூவிச் சொல்வதுதான் அது.

ஆங்கிலத்தின் ‘ஆக்‌ஷன்’ வேறு திசையிலிருந்து வருகிறது. ‘பெருகுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினை அதன் மூலம். விலை மேலே மேலே போவதால் அந்தப் பெயர். ஆனால் எல்லா ஏலத்திலும் விலை ஏறுவதில்லை. நெதர்லாந்தின் மலர்ச் சந்தையில் உயர்ந்த விலையில் தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வருவார்கள், முதலில் நிறுத்துகிறவருக்குப் பூ. அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் ஏலச்சீட்டைப் பாருங்கள். 20 பேர், தலைக்கு மாதம் 5,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர் ‘எனக்கு 75,000 போதும்’ என்று கேட்டு எடுக்கிறார். அவர் விட்டுக்கொடுத்த 25,000-இல் சீட்டு நடத்துபவருக்கு 5,000 போனால், மீதி 20,000 ரூபாய் இருபது பேருக்கும் ஆளுக்கு 1,000 ரூபாயாகக் கழிவாகிறது. கேட்கிற தொகை இங்கே குறைந்துகொண்டே போகிறது. ‘பெருகுதல்’ என்ற பெயர் இதற்குப் பொருந்தாது. ‘அறிவிப்பு’ பொருந்தும். ஏனென்றால், யார் எவ்வளவு தள்ளி எடுத்தார் என்பது அத்தனை பேர் காதிலும் விழுந்தாக வேண்டும், அப்போதுதான் அது நாணயமான சீட்டு.

பொருளியல் ஆய்வு இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்திருக்கிறது. 1961-இல் வில்லியம் விக்ரி, மூடிய உறையில் விலை கேட்பதையும் வெளிப்படையாகக் கேட்பதையும் கணக்குப் போட்டு ஒப்பிட்டார். அவருக்கு 1996-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1971-இல் மூன்று எண்ணெய்ப் பொறியாளர்கள், மெக்சிகோ வளைகுடா எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த நிறுவனங்களுக்குக் கிடைத்த லாபம் ஏன் இத்தனை குறைவு என்று ஆராய்ந்தார்கள். நிலத்தடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று எல்லோரும் மதிப்பிடுகிறார்கள், யார் மிக அதிகமாக மதிப்பிட்டாரோ அவரே வெல்கிறார். ஆகவே வெற்றி பெற்றதே அவர் தவறாக மதிப்பிட்டதற்கு அடையாளமாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘வின்னர்ஸ் கர்ஸ்’ எனப்படும் இதை ‘வென்றவர் நட்டம்’ என்று தமிழில் சொல்லலாம் என்பது என் கருத்து. சொல்லுக்குச் சொல் ‘சாபம்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. கணக்குப் பிழையைச் சாபம் என்பானேன்?

இந்த அச்சம் இருப்பதால் வாங்குகிறவர் கையை இறுக்கிக்கொள்கிறார். அதை எப்படித் தளர்த்துவது? 1982-இல் பால் மில்கிரமும் ராபர்ட் வெபரும் எழுதிய கட்டுரை அதற்கு விடை சொன்னது. மற்றவர்கள் என்ன விலை கேட்கிறார்கள் என்பது தெரியத் தெரிய, ஒவ்வொருவரும் தம் மதிப்பீட்டைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள், அச்சம் குறைகிறது, துணிந்து கேட்கிறார்கள். விற்பவர் தமக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னாலும் அதே விளைவு: சராசரியாக விற்பவருக்கு நல்ல விலை கிடைக்கும். மில்கிரமுக்கும் அவருடைய ஆசிரியர் ராபர்ட் வில்சனுக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவிப்பு என்ற வேர்ப்பொருளுக்குக் கணிதம் தந்த சான்றாகவே இதை நான் படிக்கிறேன்.

குன்னூரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி 1679-இல் தேயிலையை ஏலம் விட்டது. மெழுகுவத்தி ஓர் அளவு எரிந்து முடிவதற்குள் விலை கேட்க வேண்டும் என்பது அந்நாளைய முறை. கல்கத்தாவில் 1861-இலும் கொச்சியில் 1947-இலும் குன்னூரில் 1963-இலும் ஏலம் தொடங்கியது. லண்டன் ஏலம் 1998-இல் நின்றுவிட்டது, குன்னூர் ஏலம் நடந்துகொண்டிருக்கிறது. தொழிற்சாலை அனுப்பும் தூளிலிருந்து தரகர் மாதிரி எடுத்து, காய்ச்சி, ருசி பார்த்து, மதிப்பு வைத்து, பட்டியலில் போடுகிறார். வாங்குவோரும் ருசி பார்த்த பிறகே கேட்கிறார்கள். அதாவது, விலை கேட்பதற்கு முன்பே தூளைப் பற்றிய செய்தி எல்லோருக்கும் போய்விடுகிறது.

அந்த ஏலத்தில் கலந்துகொள்ளாத விவசாயிக்கும் விலையை அதுதான் தீர்மானிக்கிறது. தேயிலை வாரியத்தின் விலைப் பங்கீட்டு முறைப்படி, விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகள் தூள் விற்ற விலையில் 65 பங்கை இலை கொடுத்தவருக்குத் தர வேண்டும், 35 பங்கு தொழிற்சாலைக்கு. நான்கு கிலோ பசுந்தேயிலைக்கு ஒரு கிலோ தூள் என்றும், ஏலச் சராசரி 100 ரூபாய் என்றும் கணக்குக்கு வைத்துக்கொண்டால், இலைக்குக் கிலோ 16 ரூபாய் 25 காசு வரும். ஏலத்தில் 10 ரூபாய் ஏறினால் இலைக்கு 1 ரூபாய் 62 காசு ஏறும். இந்தக் கணக்கை விவசாயி தானே போட்டுப் பார்க்க முடிவதற்கு ஒரே காரணம், ஏல விலை ஊரறியச் சொல்லப்படுவதுதான். ஏலத்துக்கு வராமல் நேரடியாக விற்கப்படும் தூள் என்ன விலைக்குப் போனது என்பது இலை பறித்தவருக்குத் தெரிவதில்லை.

சரி, தமிழ்ச்சொல் எது? அகராதிகள் தரும் ‘போட்டி விலை விற்பனை’ பொருளைச் சொல்கிறது, சொல்லாக நிற்கவில்லை. ‘வீட்டைப் போட்டி விலை விற்பனையில் எடுத்தார்’ என்று யார் பேசுவார்கள்? பழந்தமிழில் ‘பகர்தல்’ என்ற அருமையான வினை இருக்கிறது. சொல்லுதல், விற்றல் இரண்டும் அதற்குப் பொருள். பூம்புகார் வீதியில் பூவும் சாந்தமும் விற்றுத் திரிந்தவர்களைச் சிலப்பதிகாரம் ‘பகர்வனர்’ என்கிறது. கூவிச் சொல்வதே விற்பது என்ற எண்ணம் நமக்கு அரபியர் தந்ததல்ல, முன்பே இருந்தது. ஆனாலும் ‘பகர்வு’ என்று புதிதாக ஒன்றை வார்த்து ஏலத்தின் இடத்தில் வைக்க நான் சொல்ல மாட்டேன். ஏலம் தமிழ் வினைகளோடு அத்தனை ஆழமாகக் கலந்துவிட்டது: விற்பவர் ஏலம் விடுகிறார், வாங்குபவர் ஏலம் கேட்கிறார், வென்றவர் ஏலம் எடுக்கிறார். ஏலதாரர், ஏலத்தொகை, மறு ஏலம், மின்னணு ஏலம் என்று கிளைவிட்டிருக்கிறது. ‘பகிரங்க ஏலம்’ என்பதைத்தான் தவிர்க்கலாம். திறந்து சொல்வதே ஏலம் எனும்போது பகிரங்கம் எதற்கு? மூடிய உறையில் விலை எழுதிக் கொடுப்பதற்கு ‘ஒப்பந்தப்புள்ளி’ என்ற நல்ல சொல் இருக்கிறது, அதையும் ஏலத்தையும் கலக்காமல் எழுத வேண்டும். கேட்கிற விலைக்கு ‘கேட்பு விலை’, இதற்குக் கீழே விற்க மாட்டோம் என்னும் விலைக்கு ‘அடிவிலை’ போதும்.

‘ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்’ என்னும் கூவலை அவள் ஆய்வறிக்கையில் ஓரிடத்தில் சேர்க்கச் சொன்னேன். தரம் என்றால் தடவை, தரம் என்றால் தேயிலையின் தரமும்கூட. இப்போது குன்னூரில் அந்தக் குரல் இல்லை. எல்லாம் கணினித் திரையில் நடக்கிறது, சுத்தியலும் ஓய்ந்துவிட்டது.

அவள் பதினோரு வட்டங்களையும் அழித்து ஏலத்தை அங்கேயே வைத்துவிட்டாள், கீழே ஓர் அடிக்குறிப்போடு. முடிவுரையில் ஒரு பரிந்துரை சேர்த்திருக்கிறாள்: இலை எடை போடும் கொட்டகை ஒவ்வொன்றிலும் அந்த மாத ஏலச் சராசரியையும் அதன்படி இலைக்கு வரவேண்டிய விலையையும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். அந்தத் தாளுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்று கேட்டாள். ‘ஏலம் சொன்ன விலை’ என்றேன்.