ஆய்வு நேர்மை

'ரிசர்ச் இன்டெக்ரிட்டி' என்னும் தொடரைத் தமிழில் சிலர் 'ஆராய்ச்சி ஒருமைப்பாடு' என்றும் சிலர் 'ஆய்வு ஒழுக்கம்' என்றும் எழுதுகின்றனர். இரண்டும் பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

'இன்டெக்ரிட்டி' என்பது லத்தீன் மொழியில் 'தீண்டப்படாதது, முழுமையானது' எனப் பொருள்படும் 'இன்டெகர்' என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. கணிதத்தில் முழு எண்ணைக் குறிக்கும் சொல்லும் அதுவே. நாட்டைப் பற்றிப் பேசும்போது இந்த முழுமை ஒருமைப்பாடு ஆகிறது. ஆய்வில் அது, கண்டதற்கும் எழுதியதற்கும் இடையே விலகல் இல்லாமையைக் குறிக்கிறது. நேர்கோடு, நேர்நிறை ஆகிய சொற்களில் உள்ள 'நேர்' என்னும் அடியே கோணாமை, ஒத்திருத்தல் என்னும் இரு பொருளையும் தருவதால், 'ஆய்வு நேர்மை' என்பதே தக்க சொல். 'ஒழுக்கம்' ஆய்வாளரின் நடத்தை முழுவதையும் தழுவும் அகன்ற சொல். நோயாளியின் ஒப்புதல் பெறுதல் முதலியவற்றை 'ஆய்வறம்' எனத் தனியே வழங்கலாம்.

அமெரிக்க நலவாழ்வுத் துறையில் 1992-இல் உருவான ஆய்வு நேர்மை அலுவலகம், நேர்மைக்கு மாறானவை என மூன்றை வரையறுக்கிறது: இல்லாத தரவைப் புனைதல், இருக்கும் தரவைத் திரித்தல், பிறர் எழுத்தையோ கருத்தையோ திருடுதல். அறியாமல் நேர்ந்த பிழையும் கருத்து வேறுபாடும் இவற்றுள் அடங்கா. இந்த வரம்பு மிக முக்கியமானது; பிழை செய்தவரையெல்லாம் குற்றவாளியாக்கினால், தம் பிழையைத் தாமே சொல்ல எவரும் முன்வரமாட்டார்.

இந்த அலுவலகம் விசாரணைகளை மேற்பார்வையிடுவதோடு நில்லாமல், ஆய்வு நேர்மையை வளர்க்கும் மாநாடுகளுக்கும் பயிலரங்குகளுக்கும் நிதி வழங்கியும் வந்துள்ளது. ஐரோப்பிய அறிவியல் அறக்கட்டளையுடன் இணைந்து 2007-இல் லிஸ்பனில் முதல் உலக மாநாட்டை நடத்தியது. 2010-இல் சிங்கப்பூரில் கூடிய இரண்டாம் மாநாட்டிலிருந்து நான்கு கொள்கைகளும் பதினான்கு பொறுப்புகளும் கொண்ட சிங்கப்பூர் அறிக்கை பிறந்தது.

'வொர்க்‌ஷாப்' என்பதற்குப் பயிலரங்கு, பட்டறை என இரு சொற்கள் உள்ளன. கொல்லன் பட்டறையை நினைவூட்டும் இரண்டாவது சொல்லை, கைப்பட வேலை செய்து பழகும் இடத்துக்கே நான் பயன்படுத்துவேன். ஆய்வுக் கட்டுரையில் அச்சான புரதப் பட்டைப் படம் (புரதங்களைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஆய்வகப் படம்) ஒன்றைக் கணினித் திரையில் பெரிதாக்கி, ஒளிமாறுபாட்டைக் கூட்டிப் பார்க்கும்போது, ஒரு பட்டையை இடவலம் திருப்பி வேறொரு புரதத்தின் பெயரில் ஒட்டியிருப்பது ஓரத்திலுள்ள சிறு புள்ளியால் வெளிப்படும். அதைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைத் தருவது பட்டறை.

இத்தகைய கூட்டங்களுக்குத் தரும் நிதியை 'மானியம்' என்பது பெருவழக்கு. வடசொல்லான அது, முன்பு கோயில் பணிக்கும் ஊர்ப் பணிக்கும் வரி நீக்கி விட்ட நிலத்தைக் குறித்தது. இன்று உர மானியம், எரிவாயு மானியம் என விலைச்சலுகையைக் குறிக்கிறது. விண்ணப்பத்தை ஆராய்ந்து, குறித்த ஒரு பணிக்கென வழங்கும் தொகை அந்த வகையைச் சேர்ந்தது அன்று. சங்கப் பாடல்களில் பயின்று வரும் 'நல்கு' என்னும் வினையிலிருந்து பிறந்த 'நல்கை' நம்மிடம் இருக்கிறது; பல்கலைக்கழக நல்கைக் குழு என எழுதுவோரும் உள்ளனர். எனவே இந்நிதியை 'ஆய்வு நேர்மை மாநாட்டு நல்கை' என எழுதலாம்.